பீமாவின் மீதி மூணு கால்

முந்தாநாள் உங்கள்ல ஒருத்தர் எனக்கு போன்ல ஒரு நாயோட படம் அனுப்பியிருந்தீங்க. முன்னங்கால் ஒண்ணை எடுத்தாச்சு, தையல் அருமையா ஆறிடுச்சு, நாய் மூணு கால்ல குதிச்சு ஓடுது, "கேஸ் முடிஞ்சுது மேடம்"னு கீழே ஒரு வரி. பக்கத்துல கட்டைவிரல் பொம்மை வேற. ரொம்ப சந்தோஷம் ராசா. ஆனா கேஸ் முடியலை. இனிமேத்தான் ஆரம்பம்.

கோவிச்சுக்காதீங்க, சின்ன டாக்டருங்களா. கால் எடுக்கிறது எப்படின்னு நான் உங்களுக்குப் பாடம் நடத்தப் போறதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். உங்க மேஜையில இருக்கிற சாமான்ல பாதியை நான் கண்ணால பார்த்ததே ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான். நான் சொல்ல வந்தது வேற. எடுத்த காலைப் பத்தி ஊரே விசாரிக்கும். மீதி இருக்கிற காலைப் பத்தி ஒரு ஆளும் கேட்க மாட்டாங்க. நானும் கேட்காமத்தான் இருந்தேன், பீமா வர்ற வரைக்கும். டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க. முனிர்காவுல ரூம் எடுத்திருக்கிறவங்க பஸ் போயிடும்னு பதறாதீங்க, இப்பத்தான் மெட்ரோ இருக்கே.

தொண்ணூறுகளோட கடைசி. டெல்லி ஆர்.கே.புரத்துல ஒரு செக்டர் மார்க்கெட்டுல, போட்டோ ஸ்டூடியோவுக்கும் டிரைகிளீனருக்கும் நடுவுல என் கிளினிக். போர்டுல இந்தி, இங்கிலீஷ், அதுக்குக் கீழே பொடி எழுத்துல தமிழ். அந்தத் தமிழைப் பார்த்து நம்மாளுங்க வருவாங்க. நாயே இல்லாதவங்களும் வருவாங்க. "சும்மாத்தான் டாக்டர், போர்டைப் பார்த்தேன், மதுரையா நீங்க?"ன்னு உட்கார்ந்துட்டுப் பேச்சோட பேச்சா தன்னோட இருமலுக்கு மருந்து கேட்பாங்க. நான் மாட்டு டாக்டருங்கன்னு சொன்னா, "பரவால்ல, நீங்க எழுதிக் குடுங்க"ம்பாங்க.

அப்படி வந்து பழக்கமானவங்கதான் செல்வராஜும் திலகவதியும். ரெண்டு பேருமே சர்க்கார் உத்தியோகம். அவரு ஒரு ஆபீஸ்ல ஸ்டெனோ. அந்தம்மா இன்னொரு அமைச்சகத்துல செக்‌ஷன் ஆபீசர். திருச்சிப் பக்கம் சொந்த ஊர். பக்கத்து செக்டர் குவார்ட்டர்ஸ்ல ரெண்டாவது மாடி. பொண்ணு கல்யாணமாகி பம்பாய் போனதும் வீடு வெறிச்சோடிப் போச்சுன்னு செல்வராஜ் தூக்கிட்டு வந்த குட்டிதான் பீமா. லாப்ரடார் பாதி, டெல்லித் தெரு மீதி. நல்ல ஓங்குதாங்கான உடம்பு. செல்வராஜுக்கு அவன் மேல உசிரு. திலகவதிக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. "இவரோட நாய் டாக்டர்"னுதான் சொல்வாங்க, தன்னோடதுன்னு சொன்னதே இல்லை.

ஒரு மழைக்காலத்துல பீமாவோட இடது முன்னங்கால் மேல வண்டி ஏறிடுச்சு. காப்பாத்த முடியாத கால். எடுக்கணும்னு சொன்னேன். செல்வராஜ் என் மேஜையைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. திலகவதி சுவரோரமா கைப்பையை அணைச்சுக்கிட்டு நின்னாங்க. அழலை. கடைசியில ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாங்க.

"மூணு காலோட அது என்ன டாக்டர் பண்ணும்? ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாமே."

அப்படி ஒரு கோவம் வந்துச்சு எனக்கு. கல்நெஞ்சுக்காரின்னு மனசுக்குள்ள திட்டினேன். செல்வராஜ் பக்கம் திரும்பிக்கிட்டு, "நாய்ங்களுக்கு மூணு கால் தாராளமாப் போதும் சார், கவலையே படாதீங்க"ன்னேன். கால் எடுத்தாச்சு. பீமாவும் பிரமாதமாத் தேறிட்டான். ரெண்டு வாரம் கழிச்சு வந்தப்ப என் ஸ்டூலைத் தட்டிவிட்டுட்டு ஓடினான். செல்வராஜ் என் கையைப் பிடிச்சுக் கண்ல ஒத்திக்காத குறை. மார்க்கெட் பூரா நான் பெரிய ஆளு. டிரைகிளீனர் ஒரு மாசம் என் கோட்டை இலவசமா இஸ்திரி போட்டுக் குடுத்தாரு.

மார்கழிக் குளிர் வந்துச்சு. டெல்லிக் குளிர் என்னன்னு உங்களுக்குச் சொல்லணுமா. ஒரு நாள் சாயங்காலம் கிளினிக் வாசல்ல ஒரே கூச்சல். செல்வராஜ் பீமாவைக் கம்பளியில சுத்தித் தூக்க மாட்டாமத் தூக்கிக்கிட்டு வர்றாரு. பின்னாடி திலகவதி. அவங்களுக்குப் பின்னாடி அந்த பிளாக்கே வருது. கீழ்வீட்டு பிம்லா ஜி, கனமான பஞ்சாபிக்கார அம்மா, துப்பட்டாவால மூக்கைத் துடைச்சுக்கிட்டு. முதல் மாடி தாஸ் பாபு, ரிட்டயரான வங்காளி, குரங்குக் குல்லாவோட.

பீமாவால நிக்க முடியலை. இருந்த ஒரே முன்னங்கால் மணிக்கட்டுல தொய்ஞ்சு, பாதம் தேஞ்ச செருப்பு மாதிரி தட்டையாத் தரையில படிஞ்சு கிடக்கு. நிறுத்தினா மூஞ்சி குப்புற விழுறான். தொட்டா முனகுறான்.

"போதும் டாக்டர்"னாரு செல்வராஜ். "இருந்த ஒரு காலும் போச்சு. என்னால இதைப் பார்க்க முடியலை. ஊசி போட்டு அனுப்பிடுங்க."

"முக்தி தே தோ டாக்டர் சாப், பேச்சாரா"ன்னு பிம்லா ஜி ஒரே அழுகை. விடுதலை குடுத்துடுங்கறாங்க. தாஸ் பாபு குல்லாவைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டாரு, ஏதோ எல்லாம் முடிஞ்சே போன மாதிரி.

இந்த இடத்தை நல்லா மனசுல வாங்கிக்கங்க, உங்க எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும். ரூம் நிறைய ஆளுங்க, எல்லாரும் அழுறாங்க, எல்லாரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறாங்க. வெளியில ரெண்டு பூனை, ஒரு அல்சேஷன் காத்துக்கிட்டு இருக்கு. சரின்னு சொல்றதை மாதிரி சுலபமான காரியம் உலகத்துலயே கிடையாது. சரின்னு சொன்னா உங்களைக் கருணையான டாக்டர்ம்பாங்க. என் கை பாதி மருந்து அலமாரி கிட்ட போயிடுச்சு. பொய் எதுக்கு?

அப்ப சுவரோரத்துல இருந்து ஒரு குரல்.

"ஒரு நிமிஷம் டாக்டர். அந்தக் கால் கெட்டுப் போச்சா, இல்ல களைச்சுப் போச்சா?"

திலகவதி. அதே கைப்பை, அதே இடம். அன்னைக்குத் தூங்க வெச்சிடலாம்னு சொன்னவங்க. செல்வராஜ் திரும்பி, "உனக்கென்ன தெரியும், சும்மா இரு"ன்னாரு. அந்தம்மா சும்மா இருக்கலை. "ஒரு ஃபைல் மேல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்கிறோம். இது ஒரு உசிரு. கேட்கக் கூடாதா?"

சுருக்குன்னு இருந்துச்சு எனக்கு. கேட்டிருக்க வேண்டியது நான். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டுப் பொறுமையாப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுக்க வெச்சேன். எலும்புல ஒரு குறையும் இல்லை. தோள்பட்டை கல்லு மாதிரி இறுகியிருக்கு, மணிக்கட்டுத் தசைநார் தளர்ந்திருக்கு. நகம் வளர்ந்து வளைஞ்சிருக்கு. பாதத்துக்கு அடியில முடி மண்டிக் கிடக்கு. இத்தனைக்கும் மேல, மாவு மூட்டை கணக்கா உடம்பு. விலா எலும்பு எங்க இருக்குன்னு விரலால தேடினேன், அகப்படவே இல்லை.

நாயோட உடம்புப் பாரத்துல பாதிக்கும் மேல முன்னங்கால் ரெண்டும்தான் தாங்குது. ஒண்ணை எடுத்துட்டா அந்தப் பங்கு எங்க போகும்? உங்களுக்குப் பரீட்சையில வந்த கேள்விதான். ஆனா அதை விடப் பெரிய கேள்வி ஒண்ணு இருந்துச்சு. நல்லாத் தேறிப் போன நாய், இவ்வளவு சீக்கிரமா ஏன் இப்படி விழுந்தான்?

கதவைத் திறந்து, "இவன் என்ன சாப்பிடறான்?"னு கேட்டேன்.

"கொஞ்சூண்டு தயிர் சாதம்தான் டாக்டர்"னாரு செல்வராஜ். பிம்லா ஜி கூரையைப் பார்த்தாங்க. தாஸ் பாபு குல்லாவைத் திரும்ப மாட்டிக்கிட்டாரு.

"இன்னைக்கு ஊசி கிடையாது. வலிக்கு மருந்து தர்றேன், ஒத்தடம் குடுங்க. நாளைக்குக் காலையில நான் உங்க வீட்டுக்கு வர்றேன்."

செல்வராஜுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அது படற அவஸ்தை உங்க கண்ணுக்குத் தெரியலையா? உங்க ஆபரேஷன் தோத்துப் போச்சுன்னு ஒத்துக்க மனசில்லை உங்களுக்கு!"ன்னு கத்தினாரு. வலிச்சுதுதான். அதுல கொஞ்சம் உண்மையும் இருந்துச்சு. இருந்தாலும் நான் இறங்கி வரலை. காலை மட்டும் பார்த்துட்டு உசிரை எடுக்கிறதில்லைன்னு அந்த நிமிஷம் முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் காலையில பனிமூட்டத்துல தட்டுத் தடுமாறி அவங்க பிளாக்கைக் கண்டுபிடிச்சு, மாடிப்படிக்குக் கீழே நின்னு மப்ளரைச் சுத்திக்கிட்டு இருக்கேன், மேலே இருந்து டொப், டொப்னு ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தா நம்ம துரை. வலி மருந்து வேலை செஞ்சிருக்கு. நேத்து நிக்க முடியாதவன் இன்னைக்குக் காலை ரவுண்டுக்குக் கிளம்பிட்டான். சிமெண்ட் படி. ஒவ்வொரு படிக்கும் அத்தனை பாரமும் அந்த ஒத்தைக் கால் மேல வந்து டொப்புனு இறங்குது.

ஓடிப் போய்ப் பிடிக்கலாம்னு பாதிப் படி ஏறினேன். அதுக்குள்ள முதல் மாடிக் கதவு திறந்துச்சு. தாஸ் பாபு. கையில டீ கப்பு. பீமா படிக்கட்டுலயே உட்கார்ந்து, கால் இல்லாத பக்கத்தை அவருக்கு நேரா திருப்பிக் காட்டி, மூஞ்சியை அப்படி ஒரு பாவமா வெச்சுக்கிட்டான் பாருங்க, சினிமாவுல சான்ஸ் கிடைச்சிருக்கும். தாஸ் பாபு பிஸ்கட்டை டீயில நனைச்சு நனைச்சு ஊட்டறாரு. நான் அவனைப் பிடிக்கப் பிடிக்க, நழுவிக் கீழே போயிட்டான். அங்க பிம்லா ஜி ரெடியா நிக்கிறாங்க. பராட்டா, அது மேல வெள்ளை வெண்ணெய் ஒரு உருண்டை. என்னைப் பார்த்ததும் தட்டை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சாங்க.

"தெம்புக்குத்தான் டாக்டர் சாப், மூணே மூணு காலு, பாவம்!"

ஒருவழியா அவனைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனா, செல்வராஜ் கிண்ணத்துல தயிர் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காரு, நெய் விட்டு. "ராத்திரி பூரா பட்டினி டாக்டர்." தரையைப் பார்த்தேன். மொசைக் தரை. அதை ஈரத்துணி போட்டுத் துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடி ஆக்கி வெச்சிருக்காங்க. அது மேல, பீமாவுக்குக் குளிரக் கூடாதுன்னு ஊர்ல இருந்து வந்த பவானி ஜமக்காளம். அவன் கால் வெச்சதும் ஜமக்காளம் சர்ருனு வழுக்கிக்கிட்டுப் போகுது, காலும் அதோட பக்கவாட்டுல விரியுது. அன்பா விரிச்ச ஜமக்காளம் அது.

புரிஞ்சுதா? யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை. ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தர்தான் குடுக்கிறோம்னு நினைச்சுக் குடுத்திருக்காங்க. நாலு கால் இருந்தப்ப அவனை ஒருத்தரும் திரும்பிக் கூடப் பார்க்கலை. கால் போனதும் பிளாக்குக்கே செல்லப்பிள்ளை. அந்தப் பலகாரத்துக்காகத்தான் அவன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் படியில இறங்கியிருக்கான். அத்தனை பேரோட அன்பையும் அந்த ஒத்தைக் கால்தான் சுமந்துச்சு.

படிக்கட்டுல நின்னுக்கிட்டு எல்லாரையும் கூப்பிட்டு, இந்தியில ஒரு பிடி பிடிச்சேன். என் இந்திக்கு ஆண்பால் பெண்பால் எல்லாம் கிடையாது, கோவம் மட்டும் உண்டு. எல்லாரும் தலையைத் தலையை ஆட்டி, "அச்சா, அச்சா டாக்டர் சாப்"னாங்க. ரெண்டே நாள்ல திரும்ப பிஸ்கட் வர ஆரம்பிச்சுடுச்சு.

அந்த வாரக் கடைசியில ஆபீஸ் விட்டு வர்ற வழியில திலகவதி மட்டும் கிளினிக்குக்கு வந்தாங்க. உட்காரக் கூட இல்லை.

"டாக்டர், நீங்க சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க. இவரும் கேட்க மாட்டாரு. நான் பார்த்துக்கறேன். பொங்கல் வரைக்கும் என் இஷ்டத்துக்கு விடுங்க."

"பொங்கலுக்கு அப்புறம்?"

"அப்பவும் அவன் வலியில்லாம நிக்கலைன்னா, நானே கூட்டிட்டு வர்றேன். அன்னைக்கு நீங்க மறுக்கக் கூடாது. வெச்சுக்கிட்டு வதைக்கிறதும் பாவம்தான்."

எனக்குப் பயமா இருந்துச்சு. பொங்கலுக்கு ஒரு மாசம் கூட இல்லை. தளர்ந்த தசைநார் அதுக்குள்ள எவ்வளவு இறுகும்? ஆனா அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். அதுல பாவம் பார்க்கிற தினுசே இல்லை. வேலை செய்யப் போறவங்களோட முகம் அது. சரின்னுட்டேன்.

திலகவதி போட்டது ஒரே ஒரு சட்டம். நான் இத்தனை வருஷத்துல எழுதின எந்தப் பிரிஸ்கிரிப்ஷனும் அதுக்கு ஈடாகாது. ஞாயித்துக்கிழமை படிக்கட்டுல எல்லாரையும் நிக்க வெச்சு, செல்வராஜோட பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணை நாலா மடிச்சுக் கையில பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்களாம்.

"பீமாவுக்கு யார் வேணா என்ன வேணா குடுங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இனிமே அவன் படியில நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதனால இந்த வேட்டியை அவன் நெஞ்சுக்கும் வயித்துக்கும் கீழே குடுத்துத் தூக்கித்தான் இறக்கணும், ஏத்தணும். குடுக்கிறவங்க அன்னைக்கு அவனை ரெண்டாவது மாடிக்குத் தூக்கிட்டு வரணும். அவ்வளவுதான்."

எல்லாரும் சிரிச்சாங்களாம். மறுநாள் பிம்லா ஜி மாட்டிக்கிட்டாங்க. பீமா மீசையில வெண்ணெய். திலகவதி வேட்டியை நீட்டினாங்க. ஒரு முனையை பிம்லா ஜி, இன்னொரு முனையை அவங்க வீட்டுக்காரரு. பாதி மாடியில நின்னு மூச்சு வாங்கி, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, "ஹாய் ராம், இவன் நாயா எருமையா?"ன்னு புலம்பி, மேலே போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு வழியாயிட்டாங்க. பராட்டா அதோட நின்னுச்சு. தாஸ் பாபு இன்னும் ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சாரு. மூணாம் நாள் என் கிளினிக்ல வந்து நிக்கிறாரு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு. "டாக்டர், இடுப்பு வலிக்கு நல்ல தைலம் இருக்கா?" நான் மாட்டு டாக்டரு பாபுன்னேன். "என்னை அந்த வீட்டு மாடாத்தான் ஆக்கிட்டாங்க"ன்னாரு பாவம்.

செல்வராஜ் விஷயம்தான் இன்னும் வேடிக்கை. காலையும் சாயங்காலமும் தூக்குறது அவரு பொறுப்பாச்சு. தூக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் அந்த நெய் அவரு கண்ணுலயே பட்டுது. தயிர் சாதத்தை அவரே பாதியாக் குறைச்சு, அதுல கேரட்டைத் துருவிப் போட்டுக்கிட்டாரு. "ரெண்டு பேருக்கும் நல்லது டாக்டர், அவன் காலுக்கும் என் முதுகுக்கும்."

மத்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல அந்தம்மா ஒவ்வொண்ணாச் செஞ்சாங்க. ஜமக்காளம் பரணுக்குப் போச்சு. அதுக்குப் பதிலா கயித்துத் தரைவிரிப்பு, அடியில பழைய சைக்கிள் டியூப்பை வெட்டித் தைச்சு, அவன் படுக்கையில இருந்து வாசல் வரைக்கும் ஒரு பாதையே போட்டாங்க. நகத்தை ஒட்ட வெட்டி, பாதத்து முடியைக் கத்தரிச்சாங்க. குனிஞ்சு தின்னா ஒத்தைக் கால்ல பாரம் ஏறும்னு சாப்பாட்டுக் கிண்ணம் ஸ்டூல் மேல ஏறிச்சு. குளிருக்கு வெந்நீர்ப் பை, தோளுக்கு ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு நீவல்.

மணிக்கட்டுக்கு நானே பஞ்சு, பிளாஸ்டிக் பைப் துண்டு, பட்டை எல்லாம் வெச்சு ஒரு கட்டு கட்டினேன். எனக்கே என்னை மெச்சிக்கத் தோணுச்சு. ரெண்டே நாள்ல திலகவதி போன் பண்ணி, "உள்ளே தோல் சிவந்திருக்கு டாக்டர். இதை வெளியே போறப்ப மட்டும் போட்டா என்ன?"ன்னு கேட்டாங்க. அதான் சரி. அழகாக் கட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நீங்களும் நினைக்காதீங்கப்பா. கட்டு காலுக்குத் துணை. எந்நேரமும் கட்டியே வெச்சா கால் தன் வேலையை மறந்துடும், தோலும் புண்ணாகும்.

பொங்கல் அன்னைக்கு கிளினிக் லீவு. ஆனா எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளலை. மார்க்கெட்டுக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கரெக்டா வந்தாங்க. செல்வராஜ் பட்டு வேட்டியில, திலகவதி புதுப் புடவையில, நடுவுல பீமா. ஸ்கூட்டர்ல இருந்து அவனைத் தூக்கி இறக்கிவிட்டாரு. இறக்கிவிட்டுட்டு ரெண்டு பேரும் தள்ளி நின்னுக்கிட்டாங்க.

பீமா நின்னான். ஆடாம அசையாம இல்லை. லேசா ஒரு ஆட்டம், அப்புறம் பாரத்தைப் பின்னங்கால் பக்கம் கொஞ்சம் தள்ளி, ஒத்தை முன்னங்காலை நடுவுல ஊணி நின்னான். மணிக்கட்டு முழுசா நிமிரலை. ஆனா பாதம் தரையில படியலை. நான் அழுத்திப் பார்த்தேன். முனகலை. என் மூக்கை நக்கினான். அப்படியே அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டேன், டாக்டர் மாதிரியா நடந்துக்கிட்டேன்?

அப்புறம் உண்மையைச் சொன்னேன். "இந்தக் கால் பழைய மாதிரி ஆகாது. ஆனா இப்ப பார்த்துக்கிற மாதிரியே பார்த்துக்கிட்டா, தாங்கும்."

"எவ்வளவு நாளைக்கு இப்படிப் பார்த்துக்கணும்?"னு கேட்டாங்க திலகவதி.

"அவன் இருக்கிற வரைக்கும்."

அந்தம்மா பெஞ்சுல உட்கார்ந்தாங்க. அவங்க என் கிளினிக்ல உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்குத் தூங்க வெச்சிடலாம்னு சொன்னேனே, என்னை என்னன்னு நினைச்சீங்க டாக்டர்?"

என் மூஞ்சியே சொல்லியிருக்கும்.

"இவரு அழுவாரு. அழுதுட்டு ஆபீஸுக்குப் போயிடுவாரு. துடைக்கிறது, தூக்கறது, நகம் வெட்டறது, நேரத்துக்கு மருந்து குடுக்கிறது, எல்லாம் யார் தலையில விழும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மாமியார் படுத்தப்பவும் இப்படித்தான் ஆச்சு. எனக்கு நாய் மேல கோவமே இல்லை டாக்டர். எனக்கு அசதியா இருந்துச்சு. அதை யார்கிட்ட சொல்றது? நீங்க கூட இவரைப் பார்த்துத்தானே பேசினீங்க."

செல்வராஜ் பீமாவோட சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயேதான் நின்னுட்டு இருந்தாரு. "கைப்பையை என்கிட்ட குடு"ன்னாரு. குடுத்தாங்க. ஒரு தோள்ல கைப்பை, கையில பீமா, பட்டு வேட்டியோட அவரு ஸ்கூட்டருக்குப் போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிடுச்சு.

தை பிறந்து வெயில் ஏறினதும், அவனுக்கு நடைப்பயிற்சி வேணும்னேன். ஏத்தத்துல ஏறினா பாரம் பின்னங்காலுக்குப் போகும், நல்லது. இறக்கத்துல இறங்கினா அத்தனையும் முன்னங்கால்ல விழும், கூடவே கூடாது. ஏறணும், ஆனா இறங்கக் கூடாது, டெல்லியில எங்க போறது? மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஏறுற சரிவு இருக்கேன்னாங்க திலகவதி. அன்னையில இருந்து சாயங்காலம் அந்தப் பக்கம் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க. புடவைத் தலைப்பை இடுப்புல செருகிக்கிட்டு ஒரு செக்‌ஷன் ஆபீசரம்மா, பக்கத்துல மூணு கால் நாய், மெதுவா மெதுவா மேலே ஏறுவாங்க. மேலே செல்வராஜ் ஸ்கூட்டரோட காத்துக்கிட்டு இருப்பாரு. வெளியில நின்னபடியே முருகனுக்கு ஒரு கும்பிடு. அப்புறம் பீமா ஸ்கூட்டர்ல முன்னாடி ஏறி நின்னுக்குவான், காதெல்லாம் காத்துல பறக்க மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இறங்கி வருவான். திலகவதி பின்னாடி சாவகாசமா நடந்து வருவாங்க. ஒரு நாளைக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் தனக்குன்னு இருக்குன்னு சொல்வாங்க.

பீமா நல்லா வாழ்ந்தான். வயசாகி, சிறுநீரகம் கெட்டுத்தான் போனான். கடைசி வாரம் வரைக்கும் மூணு காலும் உறுதியா இருந்துச்சு. அந்த ஊசியை அவங்க வீட்டுலயே, அந்தத் தரைவிரிப்பு மேலயே வெச்சு நான் போட்டேன். செல்வராஜ் தேம்பித் தேம்பி அழுதாரு. பிம்லா ஜி, தாஸ் பாபு, பிளாக்கே அழுதுச்சு. திலகவதி அவன் தோளை நீவிக்கிட்டே இருந்தாங்க, கடைசி வரைக்கும்.

அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும், யாராவது என் முன்னாடி நாயைக் காப்பாத்துங்கன்னு அழுதா, நான் முதல்ல அவங்களைப் பார்த்ததில்லை. அந்த ரூம்ல பேசாம நிக்கிறது யாருன்னு பார்ப்பேன். அவங்க பக்கத்துல போய், தினமும் இவனை யாருங்க தூக்குவாங்கன்னு கேட்பேன். நீங்களும் கேளுங்க. அந்தப் பதில் கிடைச்சதுக்கு அப்புறம் கத்தியை எடுங்க.

பீமா போய் ஒரு மாசம் கழிச்சு திலகவதி கிளினிக்குக்கு வந்தாங்க. அந்தத் தரைவிரிப்பையும், துவைச்சு மடிச்ச அந்த வேட்டியையும் மேஜை மேல வெச்சாங்க. வேட்டி நடுவுல தேஞ்சு மெலிஞ்சு, ரெண்டு முனையிலயும் முடிச்சுப் போட்ட தடம். "இதையாவது வெச்சுக்குங்கம்மா, அவன் ஞாபகமா"ன்னேன்.

"ஞாபகத்துக்கு எனக்குத் தோள்பட்டை வலி இருக்கு டாக்டர்"னாங்க. "வேட்டி வேலை செய்யட்டும்."

அடுத்த வாரமே மோதி பாக்ல இருந்து ஒரு மூணு கால் பொட்டை நாய் வந்துச்சு. அதைக் கூட்டிட்டு வந்த பொண்ணுகிட்ட வேட்டியைக் குடுத்து, எங்க பிடிக்கணும்னு காட்டிக் குடுத்தேன்.